மூன்றாம் ஷிப்ட்டின் அன்பியம்

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவருக்குத் திருஅவை நடத்தும் பாடம் பெரும்பாலும் உறுதிபூசுதலோடு முடிந்துவிடுகிறது. பதினாலு, பதினைந்து வயதில் ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டுப் போனதும் ஞாயிறு மறைக்கல்வி நோட்டு பரணுக்குப் போகும். அடுத்த வகுப்பு கல்யாணம் நிச்சயமான பிறகுதான். திருமணத் தயாரிப்பு என்று இரண்டு மூன்று நாள் உட்கார வைப்பார்கள். சான்றிதழுக்காக வந்து உட்காருகிறவர்களே அதிகம். அதற்குப் பிறகு ஒருவன் வேலை இழக்கிறான், கடன்படுகிறான், பெற்றவர்களைப் புதைக்கிறான். மகள் வேறு சாதியில் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று வந்து நிற்கிறாள். இத்தனையையும் எதிர்கொள்ள அவன் கையில் இருப்பது பதினைந்து வயதில் மனப்பாடம் செய்தது மட்டுமே. ஞாயிறு பூசையில் கால்மணி நேரப் பிரசங்கம் உண்டு. அதில் அவன் வாய் திறக்க இடமில்லை.

திருஅவையின் ஏடுகள் சொல்வது வேறு. 1971இல் ரோமிலிருந்து வந்த மறைக்கல்விப் பொது வழிகாட்டி, வயது வந்தோருக்கான மறைக்கல்விதான் மறைக்கல்வியின் முதன்மையான வடிவம் என்று எழுதியது. 1979இல் இரண்டாம் ஜான் பால் அதையே திரும்பச் சொன்னார். நடுவில், 1972இல், வயது வந்தவர்களைப் படிப்படியாகத் திருமுழுக்குக்குத் தயாரிக்கும் பழைய சடங்குமுறை மீட்டெடுக்கப்பட்டது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பங்குகளில் நேரமும் ஆசிரியர்களும் பரிசுப் போட்டிகளும் இன்னும் பிள்ளைகளுக்கே போகின்றன. பிள்ளைகளுக்குச் செய்வது அதிகம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்ளாத ஒன்றைப் பிள்ளைகள் எத்தனை வருஷம் சுமப்பார்கள் என்பதுதான் என் கவலை.

இதைக் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கத்தில் வைத்து யோசிக்கிறேன். சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தின் வட எல்லை இது. பழவேற்காட்டு மகிமை மாதா கோயிலின் கதை போர்த்துக்கீசியர் வந்த 16ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து மேற்கே வந்தால் சிப்காட், கம்பி உருட்டும் ஆலைகள், ஃபர்னஸ்கள். தள்ளித் தேர்வாய்கண்டிகையில் டயர் தொழிற்சாலை. இந்தப் பக்கம் திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை. ஒரே மாவட்டம்தான். ஆனால் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் போக வேண்டுமானால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து வண்டி மாற வேண்டும். மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகிறவனும் சென்னையைத் தொட்டுத்தான் போகிறான். இங்கே இருக்கிறவர்களின் நேரம் இப்படித்தான் பிளாட்பாரத்திலும் கம்பெனி பஸ்ஸிலும் கேட் வாசலிலும் செலவாகிறது.

இந்த நேரத்துக்குள் எங்கே வைப்பது விசுவாசத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு மணி நேரத்தை?

இடம் ஏற்கெனவே இருக்கிறது. அன்பியம். இருபது, முப்பது குடும்பங்களை ஒரு வட்டமாகச் சேர்த்து, ஒரு புனிதரின் பெயர் வைத்து, வீடு மாற்றி வீடு கூடுவது. தமிழ்நாட்டுப் பங்குகளில் இதை அறியாதவர் இல்லை. 1990இல் இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், பங்கு என்பது சிறு குழுமங்கள் கூடிய ஒரு பெருங்குழுமமாக இருக்க வேண்டும் என்றார்கள். நற்செய்தியைப் பகிர்ந்துகொள்ளும் ஏழு படி முறை தென் ஆப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து வந்தது. அதை வகுத்தவர்களில் முன்னால் நிற்பவர்கள் ஓஸ்வால்ட் ஹிர்மர், ஃபிரிட்ஸ் லோபிங்கர் என்ற இரண்டு ஜெர்மன் குருக்கள். குருவானவர் எட்டிப் பார்க்க முடியாத தூரத்துக் கிராமங்களில் மக்களே கூடித் தங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக யோசித்தது அது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதில் தைத்த சொல்லை நிறுத்தி உரக்கச் சொல்வது, மௌனம், தன்னைத் தொட்டதைப் பகிர்வது, செய்ய வேண்டியதைத் தீர்மானிப்பது, ஜெபித்து முடிப்பது. பிரசங்கம் எந்தப் படியிலும் கிடையாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துவதும் கிடையாது.

நடைமுறையில் என்ன ஆகிறது? நான்காவது படியான மௌனம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. யாராவது பாட்டு எடுத்துவிடுகிறார்கள். ஐந்தாவது படியில் பேசப் பழகிய ஒருவர் சிறு பிரசங்கம் செய்கிறார். ஆறாவது படி சந்தா, திருவிழாவில் எந்த நாள் நம் அன்பியத்தின் உபயம், பலகாரம் யார் வீட்டுப் பொறுப்பு என்பதில் கரைந்துபோகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் எங்கே என்று கேட்டால் டூட்டி என்பார்கள். இந்தப் பதிலைச் சாக்கு என்று தள்ளிவிட்டுப் போகிற பங்குகள் உண்டு. அது சாக்கு இல்லை. ஆறு–இரண்டு, இரண்டு–பத்து, பத்து–ஆறு என்று வாரத்துக்கு வாரம் உருள்கிற ஷிப்ட்டில் ஒரு மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணி என்பது மாதத்தில் ஒரு முறை கிடைத்தால் பெரிது. வார விடுமுறை புதன்கிழமை வருகிறவர்கள் இருக்கிறார்கள். பூசை விஷயத்தில் திருஅவை இதற்கு எப்போதோ இறங்கி வந்துவிட்டது; 1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டம் முந்தின நாள் மாலைப் பூசையையும் ஞாயிறு கடனாக ஏற்றுக்கொள்கிறது. பூசையின் நேரத்தையே தளர்த்தியவர்கள் அன்பியத்தின் நேரத்தைத் தளர்த்த ஏன் தயங்குகிறோம்?

நேரத்தைவிடக் கடினமான விஷயம் தெரு. அன்பியத்தைத் தெருவாரியாகப் பிரிக்கிறோம். அது வசதி. ஆனால் நம் ஊர்களில் தெருவாரியாகப் பிரித்தால் சாதிவாரியாகப் பிரித்ததாகவே ஆகிவிடும். இந்த மாவட்டத்துக் கிராமப் பங்குகளில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவர்கள் என்பதற்காகவே அவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. கோயிலுக்குள்ளும் அவர்கள் பட்ட காயங்கள் வெகுகாலத்துக் கதை. காலனி அன்பியம் காலனியிலும் ஊர் அன்பியம் ஊரிலும் கூடுகிற வரை, ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறோம் என்று பூசையில் சொல்வதை நம் கூட்ட அட்டவணையே மறுத்துக்கொண்டிருக்கும். தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் அப்படி இல்லை. அங்கே திண்டிவனத்துக்காரரும் ஓரியூர்ப் பக்கத்துக்காரரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். யாரும் யாருடைய தெருவும் கேட்பதில்லை. கேட்பவர்கள் இல்லாமல் இல்லை, ஆனால் கேட்டு ஒதுங்கி உட்கார அங்கே இடம் கிடையாது. பழைய தெருவை அன்பியத்துக்குள் கொண்டுவராத ஒரு வாய்ப்பு இந்த வரிசை வீடுகளில் இருக்கிறது. அதைத்தான் நாம் ‘நிலையான குடும்பங்கள் இல்லை’ என்று கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம்.

அப்படி ஒரு லைன் வீட்டில் காலை ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்காக மத்தியானம் மூன்றரை மணிக்குக் கூடிய அன்பியத்தில் நான் இருந்தேன். ஒற்றை அறை, வெளியே நடை. நடையில் சேஃப்டி ஷூக்கள் வரிசையாக. அவற்றின் மடிப்புகளில் இரும்புத் தூசி சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. கேஸ் அடுப்பைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஸ்டூல் மேல் மாதா சுரூபமும் மெழுகுவர்த்தியும். ஆண்கள் பாதிப் பேர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்திருந்தார்கள். ஒருவர் உட்கார்ந்தபடியே கண் சொருகினார். யாரும் தட்டி எழுப்பவில்லை.

வாசகம் மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரம். திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையிலும், பிறகு ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும், கடைசியாக ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குப் போய் ஆள் கூட்டி வருகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம். முழு நாள் வெயிலில் நின்றவன் முணுமுணுக்கிறான்.

மூன்றாவது படியில் ஆளுக்கொரு இடத்தைச் சொன்னார்கள். தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று கடைசி ஆட்கள் சொல்லும் இடத்தை நாலு பேர், ஒருவர் பின் ஒருவராக, எடுத்தார்கள். நால்வருமே கான்ட்ராக்ட் ஆட்கள். பகிர்வில் முதலில் பேசியவர் பெர்மனென்ட், வயதில் மூத்தவர். அந்த முதலாளி செய்தது சரியில்லை, இதைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், ஒரு நாளும் ஒப்பவில்லை என்றார். இருபது வருஷம் உழைத்து வாங்கிய சம்பளத்தை நேற்று வந்தவன் வாங்கினால் எப்படி இருக்கும் என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. பல காலமாகக் கேட்க நினைத்து, கேட்க இடம் கிடைக்காத கேள்வி அது என்று முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, யாரையும் பார்க்காமல், “அஞ்சு மணிக்கு வந்தவன் வீட்லயும் அடுப்பு எரியணும் இல்லண்ணே” என்றார்.

அந்த உவமையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் நிறைய. யூதரும் பிற இனத்தாரும் என்பார்கள். மரணப் படுக்கையில் மனம் திரும்புகிறவர் என்பார்கள். அவை எல்லாம் தவறில்லை. ஆனால் ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் ஒரு நாள் பாடு, அதற்குக் குறைத்துக் கொடுத்தால் ஒரு வீட்டில் பட்டினி என்பதை அந்த அம்மா எந்த விளக்க நூலும் படிக்காமல் எட்டினார். கேட்ட பெரியவரும் அசடு வழியவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. தான் சேர்ந்த புதிதில் கேட் வாசலில் நாள் கணக்காக நின்றதைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆறாவது படியில் அதே வரிசையில் குடியிருக்கும் ஒரு பையனின் பேச்சு வந்தது. மெஷினில் விரல் நசுங்கி இரண்டு வாரமாக வீட்டில் இருக்கிறான். அவனை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டர் கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளக்காரர் என்றால், ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்படி வேலையிடத்து விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு அதற்குக் கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி வர வேண்டும். இது அந்தப் பையனுக்குத் தெரியாது. முணுமுணுத்த பெரியவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் தான் அவனோடு ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போவதாக அவரே சொன்னார். பலகாரம் பற்றிய பேச்சு அன்றைக்கு எழவில்லை.

வயது வந்தோர் மறைக்கல்வி என்று நான் சொல்வது இதைத்தான். நம் மறைக்கல்வி மரபு பெருமைப்பட வேண்டிய மரபு. 1578இல் கொல்லத்தில் என்ரிக் என்ரிக்கஸ் அடிகள் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்; பதினாறே பக்கம், அதுவும் மறைக்கல்விக்காக. அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த கிரீசித்தியானி வணக்கம் கேள்வி–பதிலாக அமைந்தது. சின்னக் குறிப்பிடம் என்ற சிறு மறைக்கல்வி நூல் வரைக்கும் அந்த வடிவம் நீடித்தது. பாட்டிகள் அதைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். எழுத்தறியாத மக்களுக்கு அது கொடுத்த பலத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அதில் பதில் மட்டுமல்ல, கேள்வியும் புத்தகத்துடையது. பிள்ளைக்கு அது போதும். இரும்பு உருக்குகிறவனுக்குப் போதாது. அவனுக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை அவன் நாலு பேர் நடுவில் சொல்லிப் பார்க்கும்போதுதான் அவனுடைய விசுவாசம் பெரியவருடைய விசுவாசம் ஆகத் தொடங்குகிறது.

தென்னாற்காட்டுக் கல்லேரியில் பிறந்த அமலோற்பவதாஸ் அடிகள் இதற்காகவே ஆயுளைச் செலவிட்டவர். 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையத்தைத் தொடங்கி, மறைக்கல்வியை மனிதரின் அனுபவத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஆசிரியர்களைத் தயாரித்தார். 1990இல் விபத்தில் இறந்தார். அவருக்கு முன்பே பெல்ஜியத்தில் யோசேப் கார்டின் என்ற குருவானவர் ஆலைப் பையன்களை உட்கார வைத்து, பார், தீர்ப்பிடு, செயல்படு என்று மூன்றே படியில் சொல்லிக் கொடுத்திருந்தார். 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமாக வளர்ந்த அந்த முறையை 1961இல் 23ஆம் ஜான் தம் சுற்றுமடலிலேயே எடுத்துப் பரிந்துரைத்தார். தொழிற்பேட்டைப் பங்குக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது? அப்படியும் 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிய அந்த வாரம், எத்தனை அன்பியங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுந்தது? எதிர்ப்பு வலுத்து, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அன்றைக்குத்தான் தொழிலாளரான புனித சூசையப்பர் விழா. 12ஆம் பயஸ் 1955இல் அந்தத் தேதிக்கு அந்த விழாவை வைத்ததே, தொழிலாளர் தினமும் பீடத்தைத் தொட வேண்டும் என்றுதான்.

அரசியலைக் கோயிலுக்குள் கொண்டுவராதே என்று இதற்குப் பதில் வரும். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவனிடம் ஜெபமாலை சொல்லச் சொல்கிறோம் அல்லவா? அந்த நேரம் அவனுக்கு எங்கிருந்து வரும் என்று கேட்பதும் ஜெபத்தைப் பற்றிய பேச்சுதான்.

குருவானவர் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா என்று சிலர் ஐயப்படுகிறார்கள். அவர்கள் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களோடு ஒரு மாலை பேசிப் பார்க்கலாம். 1990 முதல் இருக்கிற முகாம் அது. இவர்களின் முன்னோர் ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் தடை செய்யப்பட்டிருந்த காலத்தைக் கடந்தவர்கள். 1687இல் புனித ஜோசப் வாஸ் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கை போய்ச் சேர்ந்தபோது அங்கே விசுவாசம் அழியாமல் இருந்தது. அவருக்குப் பிறகும் ஊருக்கு ஊர் மூப்பரும் அண்ணாவியாரும்தான் ஜெபம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், சாகக் கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நம் பக்கம் உபதேசியார்கள் இருந்தார்கள்; வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் எழுதியது அவர்களுக்காகத்தான். பொதுநிலையினர் கற்பிப்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த புதுமை என்று நினைப்பது நம் சொந்த வரலாற்றை மறப்பது.

இன்னொரு கூட்டமும் இங்கே இருக்கிறது. தமிழ்ப் பூசையில் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரில் சாய்ந்து நிற்கும் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்கள். பூசை மொழி புரியாது. எங்கே மண்டியிட வேண்டும், எங்கே எழ வேண்டும் என்பது மட்டும் தப்பாது. இவர்கள் வருகிற திருஅவை 1885இல் ராஞ்சிப் பக்கம் வந்த கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய இயேசு சபைக் குருவால் வேகம் பெற்றது. ஜமீன்தார்களின் கட்டாய வேலைக்கும் முறையற்ற வரிக்கும் எதிராக முண்டாக்களும் ஒராவோன்களும் கோர்ட்டுக்குப் போனபோது துணை நின்றவர் அவர். அவர்களுக்கு நற்செய்தியும் நில உரிமையும் ஒரே வாசல் வழியாக வந்தன. இந்த நினைவோடு வருகிறவர்களை நம் பங்குப் பதிவேடு ‘வெளியூர்’ என்ற தலைப்பில்கூட எழுதுவதில்லை. ரேஷன் கார்டு இல்லாதவர்களுக்கு அதில் கட்டம் இல்லை.

அவர்களில் ஒருவரோடு அரைகுறைத் தமிழிலும் இந்தியிலும் பேசினேன். ஃபர்னஸில் வேலை. சிம்டேகாப் பக்கத்துக் கிராமம். அங்கே குருவானவர் மாதம் ஒரு முறைதான் வருவாராம். மற்ற ஞாயிறுகளில் அவருடைய அப்பாதான் வாசகம் படித்து ஜெபம் நடத்துவார். இவருக்கும் நடத்தத் தெரியும். தங்கியிருக்கும் அறையில் பத்துப் பேர் மூன்று ஷிப்ட்டாகப் படுப்பதால் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், சத்தமாகப் பாட முடியாது என்றார். கோயிலை ஒட்டிய பள்ளியில் ஒரு வகுப்பறையை ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் திறந்துவிட்டால் போதும், விளக்கணைத்துப் பூட்டிவிட்டுப் போவோம் என்றார். சாவி யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்தார்.

பங்குப் பேரவைச் செயலரிடம் இருக்கிறது என்றேன். அவருக்கு ஜெனரல் ஷிப்ட். ஆறரைக்கு வீட்டில் இருப்பார். இருவரும் போவதாகப் பேசிக்கொண்டோம்.